அலாரம் அடிக்கலையே

“கோயாக் சரியாப் பிடிக்கல சிஸ்டர், 30-ஐ 40 ஆக்குங்க.”

“பிளேட்டை ஒருதடவை பாத்துக்கறேன் சார்.”

“அலாரம் அடிக்கலையே!”

வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமராவில் பார்த்துச் செய்யும் ஆபரேஷன் நடுவே சர்ஜனும் நர்ஸான நானும் பேசியது இது; கடைசி வரி சாருடையது. அவர் கையில் ஹூக்: உறை போட்ட நீளத் தண்டு, நுனியில் கரன்ட்டால் சுடும் கொக்கி. கோயாக் என்பது ரத்தத்தை நிறுத்தும் மோடு, 30-உம் 40-உம் வாட். பிளேட், நோயாளியின் தோலில் ஒட்டி அந்தக் கரன்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இதில் யார் சொன்னது சரி என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. அலாரம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பாதியாகப் பிரிந்த பிளேட், தோலோடு ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்பது. பிரியாத பழைய பிளேட் என்றால் வயர் அறுந்ததைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. ஹூக்கின் தண்டில் உறை கிழிந்திருப்பது எந்த பிளேட்டுக்கும் தெரியாது.

கேமராவில் தெரிவது நுனியும் அதை ஒட்டிய கொஞ்சம் தண்டும். மீதித் தண்டு பார்வைக்கு வெளியே, சில சமயம் குடலை உரசிக்கொண்டு கிடக்கும். அங்கே உறையில் மயிரிழை விரிசல் இருந்தால் கரன்ட் அதன் வழியே போய்விடும், நுனி மந்தமாகும். அந்த நேரத்தில் வாட்டைக் கூட்டினால் கசிவும் கூடும். பெரிய கிழிசலைவிடச் சின்ன ஓட்டைதான் மோசம். கரன்ட் முழுவதும் ஒரு புள்ளியில் குவியும், கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அதே வாட்டுக்கு, வெட்டும் ‘கட்’ மோடைவிட கோயாக்கில் வோல்ட்டேஜ் பல மடங்கு. திசுவைத் தொடாமலே பெடலை மிதித்தால் அது உச்சத்துக்குப் போகும், நல்ல உறையைக்கூடத் துளைக்கலாம்.

ஆனால் சார் கேட்டதும் அநியாயமில்லை. கொழுப்பில் கரன்ட் எளிதில் ஓடாது. அங்கே வாட்டைக் கொஞ்சம் கூட்டுவது வழக்கம்தான். ரத்தம் கசியும் இடத்தை விட்டு ஹூக்கை வெளியே எடுக்கச் சொல்வது, வெளியே நிற்பவருக்குச் சுலபம். பெரும்பாலும் நுனியில் கருகி ஒட்டியதை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். என் கணக்கில் வரிசை இது: நுனி, கேபிள் முனைகள், பிளேட், பிறகு ஹூக்கை மாற்றுவது, வாட் கடைசியில். இதைச் சொல்லும்போதே ஒரு நெருடல். நான் கேட்டது பிளேட்டை. அது ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தது, தண்டைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரியவில்லை.

ஹூக்கை மாற்றினோம், 30-லேயே வேலை நடந்தது. இது எதையும் நிரூபிக்கவில்லை. புது ஹூக்கில் உறையும் புதிது, நுனியும் சுத்தம். எதனால் சரியானது என்று எப்படிச் சொல்வது? குடலில் சுட்டிருந்தால் அன்றே தெரியாது. சில நாள் கழித்து, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, வயிற்றுவலியும் காய்ச்சலுமாக வரும். அப்போது ஹூக்கை யார் நினைப்பார்கள்?

பழையதைத் தனியாகக் கட்டி, உறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்காக, ‘இன்சுலேஷன் டெஸ்டருக்கு’ என்று சீட்டு எழுதி அனுப்பினேன். சீட்டு இல்லாவிட்டால் கழுவி, ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீங்கி, மறுநாள் அதே டிரேயில் வந்து நிற்கும்.