பேனாவ வச்சிட்டு போன எடுத்தாச்சு

ஜூன் 3, 2025 செவ்வாய்

காலைல இருந்து மழை விட்டபாடில்ல. அலமாரியத் தொறந்தா பழைய டைரி எல்லாம் நமுத்துப் போயி பக்கம் பக்கமா ஒட்டிக் கெடக்கு, கீழ்தட்டுல செதலும் ஏறியிருக்கு. நம்ம குமரி மாவட்டத்துல தென்மேற்கும் பெய்யும் வடகிழக்கும் பெய்யும், காகிதம் பாவம். ஆனா நான் டைரி எழுத போனுக்கு மாறுனதுக்கு அது காரணமில்ல கேட்டியளா. பேனாவப் பிடிச்சா எனக்கு ‘இன்று மாலை தக்கலை சென்றேன்’னுதான் வருது, பரீட்சை எழுதுற கை. போன்ல தட்டுனா வாட்ஸ்அப் பழக்கமோ என்னவோ ‘சாயங்காலம் தக்கலை போனேன், பஸ்ல பக்கத்து சீட்டு ஆளு எனக்க தோள்லயே தூங்கிட்டான், எழுப்பவும் மனசில்ல’ன்னு ஓடுது. எனக்க டைரில நான் இருக்கணும்லா.

ஜூன் 5, வியாழன்

மாமா வந்தாவ. “கரண்டு போனா என்ன செய்வ மக்கா?”ன்னு கேட்டாவ. நியாயந்தான். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்போ ரப்பரு, வாழ, கரண்டு கம்பம் எல்லாம் ஒண்ணா சாஞ்சு கெடந்துது, எங்க பக்கம் நாள்கணக்குல கரண்டு இல்ல, போனு செத்துப் போச்சு, அப்போ மெழுகுதிரி வச்சு நோட்டுலதான் எழுதுனேன். அந்த நோட்ட எடுத்துப் பாத்தா ‘கடும் புயல். மரங்கள் விழுந்தன.’ முடிஞ்சுது! பிலாவு மரம் வீட்டு மேல சாஞ்சது, அம்மை கத்துனது, ஒண்ணும் இல்ல. மாமா வாசிச்சிட்டு “பேப்பர்ல போட எழுதினியாடே?”ன்னு சிரிச்சாவ.

ஜூன் 11, புதன்

பேச்சுத் தமிழ்ல எழுதுறதுல ஒரு தொல்லை, தேடும்போதுதான் தெரியும். ஒருநாள் ‘மழை’, ஒருநாள் ‘மழ’. ‘மழை’ன்னு தேடுனா ‘மழ பெய்யுது’ வராது. ‘மழ’ன்னு தேடுனா எனக்க டைரி ஆப்ல ரெண்டும் வருது, ஏன்னா கம்ப்யூட்டருக்கான எழுத்துக் குறியீடான யூனிகோடுல ஐகாரக் குறி ‘ழ’வுக்குப் பின்னால தனியா சேமிக்கப்படுது, பாக்கும்போது ‘ழ’வுக்கு முன்னால தெரிஞ்சாலும். இது போதாதுன்னு ஒவ்வொரு நாளுக்கும் கீழ #மழை #அம்மா #ரப்பர்னு குறிச்சொல் போடுதேன், அங்க மட்டும் சுத்தமான எழுத்துத் தமிழ். கீபோர்டு தமிழ்99, 1999ல அரசு ஏத்துக்கிட்டது, ‘க’வ ரெண்டு தடவ தட்டுனா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும், கை பழகிட்டா ‘அம்மா’வுக்கு இங்கிலீஷ் எழுத்து தேடவே தோணாது. ஆட்டோ கரெக்ட அணச்சுப் போட்டேன், ‘எனக்க’ன்னு அடிச்சா ‘எனக்கு’ன்னு திருத்திக்கிட்டே இருந்துது, இவனுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?

ஜூன் 22, ஞாயிறு

இந்த டைரி ஆப்ப என்னைக்கு மூடுவானோ, அதனால எல்லாத்தையும் வெறும் டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து பென்டிரைவ்ல போட்டேன். யூனிகோட ஃபைல்ல சேமிக்கிற முறையான யூடிஎஃப்-8ல தமிழ் எழுத்து, குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட்டு, ஆனாலும் எனக்க ஒரு வருசத்து டைரி ஒரு போட்டோ அளவு கூட வரல.

பழைய நோட்ட எல்லாம் உக்காந்து டைப் பண்ணப் போறதில்ல, போட்டோ எடுத்து வச்சாச்சு. அந்த ஒக்கி நாள மட்டும் புதுசா எழுதணும், அம்மைகிட்ட கேட்டேன், “மொதல்ல சாயா போடு, பெறவு சொல்லுதேன்”ன்னுட்டா.