தரக் கோப்பும் நைட் ஷிஃப்டும்: பினாங்கு குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்

மேட்ரன் கூப்பிட்டுத் தடிமனாக ஒரு கோப்பைக் கையில் கொடுத்தார். தாதியர் பிரிவுக்கான தர நிர்ணயங்கள். அங்கீகார ஆய்வுக்கு எம்.எஸ்.க்யூ.எச் (மலேசிய மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) ஆட்கள் வருவதற்குள் புதிதாக எழுதி முடிக்க வேண்டுமாம்.

முதல் பக்கமே "நோயாளிக்குச் சிறந்த பராமரிப்பு வழங்கப்பட வேண்டும்" என்று தொடங்குகிறது. சரி, இதை எப்படி ஆடிட் செய்வது? சிறந்தது எது என்று யார் சொல்வது?

இந்த வேலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. சுகாதார அமைச்சு 1985லேயே தர உறுதித் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. எம்.எஸ்.க்யூ.எச் வந்தது 1997ல். அதற்கும் முன்பே, 1966ல், டொனபேடியன் என்ற மருத்துவர் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். நம் கோப்பில் இருப்பதெல்லாம் முதலாவது வகை. வார்டுக்கு எத்தனை சக்‌ஷன் மெஷின், எத்தனை சக்கர நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் வழுக்கி விழுந்தாரா என்று கேட்க ஒரு வரிகூட இல்லை.

மார்ச் 5, புதன்

ஆண்கள் வார்டில் பழைய சார்ட்டுகளைப் புரட்டினேன். எழ முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் சார்ட். 10, 12, 2, 4, 6. இடது, வலது, மல்லாந்து. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு தாத்தா விடியற்காலை 4 மணிக்கு இடப்பக்கமாகப் படுத்திருந்தாராம். அதே கோப்பில் சிடி ஸ்கேன் தாள் இருக்கிறது. அதன்படி 3.50க்கு அவரைக் கீழே கொண்டுபோய் 4.40க்குத்தான் வார்டுக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எழுதிய தாதிப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. இரவில் இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவர் புது அட்மிஷனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். காலை பாஸ் ஓவருக்கு (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பதற்கு) முன் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பத்தான் செய்வார்கள். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் ஆடிட் கேட்டது, அவர்களும் நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த வார்டுக்கு அந்த மாதம் 100 விழுக்காடு.

மார்ச் 8, சனி

நிபோங் தெபாலிலிருந்து வந்த பாட்டி ஒருவர், இடுப்பெலும்பு முறிவு. பிரேடன் அளவுகோலில் 13. (மொத்தம் 6 முதல் 23 வரை, 18 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் படுக்கைப்புண் ஆபத்து.) அட்மிஷன் அன்றே கணக்குப் போட்டிருக்கிறார்கள், காற்று மெத்தையும் போட்டாயிற்று. தோல் பரிசோதனைத் தாளில் "சிவப்பு: இல்லை" என்று தினமும் டிக்.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். உண்மைதான், சிவப்பு இல்லை. பாட்டி நல்ல கறுப்பு, அந்தத் தோலில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? புறங்கையை வால் எலும்பின் மேல் வைத்தேன். சுற்றியுள்ள தோலைவிடச் சூடு. விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் கெட்டியாக இருந்தது, பக்கத்துச் சதை போல் விட்டுக்கொடுக்கவில்லை. "அங்கதான் மிஸ்ஸி, ரெண்டு நாளா காந்துது" என்றார் பாட்டி. யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டதற்கு, "எல்லாரும் வேலையா இருக்காங்க, நான் வேற எதுக்கு?" என்றார்.

முதல் நிலைப் புண்ணுக்கு விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புத்தான் அடையாளம் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். கருமையான தோலில் அது வேறு மாதிரித் தெரியும், நிறம் மாறுவதற்கு முன்பே சூடும் கெட்டித்தன்மையும் மாறலாம் என்பதும் அதே பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாதி நம் படிவத்துக்குள் வரவில்லை. பாதி நோயாளிகள் தமிழர்களாக இருக்கும் வார்டில்!

படிவத்திலிருந்து "சிவப்பு" கட்டத்தை எடுத்துவிடுகிறேன். "தொட்டுப் பார்த்தது: சூடு, கெட்டி, வலி, பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு" என்று எழுதப்போகிறேன். கை வைக்காமல் நிரப்ப முடியாதபடி கேள்வி இருக்க வேண்டும். இனி ஒவ்வொரு தர நிர்ணயத்தையும் இந்தச் சல்லடையில்தான் சலிப்பேன்.

மார்ச் 11, செவ்வாய்

கூட்டம். போன மாதம் இரண்டு வார்டிலும் நாலு நாலு பேர் விழுந்தார்கள், அதனால் இரண்டும் சமம் என்றார் ஒருவர். ஒன்றில் 800 நோயாளி நாட்கள் (ஒருவர் ஒரு நாள் தங்கினால் ஒன்று), மற்றதில் 500. ஆயிரத்துக்கு 5 எங்கே, 8 எங்கே? வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். ரமலான் பஜார் நெரிசலில் வீடு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

இந்த மாதம் விழுந்தவர்களின் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். பெரும்பாலும் இரவு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், கழிப்பறைக்குப் போகும் வழியில். நோன்பு திறக்கும் நேரம். மலாய்ப் பிள்ளைகள் பேன்ட்ரிக்குப் போக, மீதிப் பேர் மொத்த வார்டையும் பார்க்கிறார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு குழுவாகப் போகலாம், அதற்கு முன்னால் ஆறே முக்காலுக்கு ஒரு சுற்று வந்து எல்லோரையும் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடலாம் என்று வார்டு சிஸ்டரிடம் சொன்னேன். "முதல் குழு பேரீச்சம்பழம் மட்டும் சாப்பிட்டுட்டு வந்துடுவோம், சோறு அப்புறம்" என்று அந்தப் பிள்ளைகளே ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

விழும் ஆபத்தை அளக்கும் மோர்ஸ் மதிப்பெண் 45ஐத் தாண்டியவர்களுக்கு மஞ்சள் பட்டை ஏற்கெனவே கட்டுகிறோம். விழுந்தவர்கள் எல்லோர் கையிலும் அந்தப் பட்டை இருந்தது.

மார்ச் 19, புதன்

வரைவு முடிந்தது. பழைய கோப்பின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. படுக்கைப்புண், விழுதல், மருந்து கொடுக்கும்போது பெயரும் பதிவு எண்ணும் கேட்டுச் சரிபார்ப்பது, கை கழுவுவது, பிரானூலா (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் குழாய்), பாஸ் ஓவர். பிரானூலாவுக்கு, அந்த நரம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் விஐபி அளவுகோல்: 0 முதல் 5 வரை, 2 வந்தாலே கழற்றி வேறு இடத்தில் போட வேண்டும். பாஸ் ஓவரைக் கவுண்டரில் உட்கார்ந்து சொல்லக்கூடாது, கட்டிலருகே நின்று சொல்ல வேண்டும், காயத்தின் கட்டையும் டிரிப்பையும் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

தரப் பிரிவு அதிகாரியோடு வாக்குவாதம் விழுதலில்தான். இலக்கு "பூஜ்யம்" என்று போடச் சொல்கிறார். போட்டால் என்ன ஆகும்? விழுந்தவர் "தரையில் அமர்ந்த நிலையில் காணப்பட்டார்" ஆகிவிடுவார். அந்த வாசகத்தை நான் ஏற்கெனவே ஒரு நோட்ஸில் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் எண்ணிக்கை ஏறினால் ஏறட்டும், ஒளிக்காமல் எழுதுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம், காயம்பட்டு விழுந்தவர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுத்து அதைக் குறைக்க இலக்கு வைப்போம் என்றேன். நிர்வாகத்துக்கு ஏறுகிற கோட்டை எப்படிக் காட்டுவது என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

மேட்ரன் இரண்டு பேரையும் பேசவிட்டுக் கடைசியில் என் பக்கம் கையெழுத்துப் போட்டார். பாஸ் ஓவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார், கட்டிலருகே பேசினால் பக்கத்துக் கட்டில்காரர் காதில் எல்லாம் விழும் என்று. அதுவும் சரிதான், எதைக் கட்டிலருகே சொல்வது, எதைக் கவுண்டரில் சொல்வது என்று பிரித்து எழுத வேண்டும். ஹரிராயா (நோன்புப் பெருநாள்) முடிந்ததும் இரண்டு வார்டில் தொடங்குகிறோம். ஆடிட் செய்யப்போவது அந்தந்த வார்டு சிஸ்டர் அல்ல, எதிர் வார்டு சிஸ்டர். இதைச் சொன்னதும் இரண்டு பேர் முகமும் போன போக்கை எழுதாமல் விடுகிறேன்.