பிரேக்கை வீட்டிலேயே மாற்றினேன்: பொருள் வாங்கப் பட்ட பாடு

என் பைக்கின் சர்வீஸ் பில்லில் "முன், பின் பிரேக் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது" என்று அச்சாகியிருந்தது. அதற்குத் தனிக் கூலியும் வாங்கியிருந்தார்கள். அந்தப் பில்லின் மடிப்புகூடக் கலையவில்லை, முன் சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்தது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டன் பக்கத்துப் பேட் (டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டை) இரும்புத் தகடு வரை தேய்ந்துபோய் டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கத்துப் பேட்டில் பாதிக்கு மேல் மீதம் இருக்கிறது.

இதன் பொருள் என்னவென்று வண்டியைக் கையாளும் எவருக்கும் தெரியும். என் வண்டியில் இருப்பது ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பர். பிஸ்டன் ஒரு பேட்டைத் தள்ளும்போது காலிப்பர் முழுவதும் தன் ஸ்லைடு பின்களின் மேல் நழுவி வந்து மறு பேட்டையும் டிஸ்க்கோடு சேர்த்து அழுத்த வேண்டும். ஸ்லைடு பின் இறுகிவிட்டால் காலிப்பர் நழுவாது. ஒரு பேட் மட்டும் உழைத்து உழைத்துத் தேயும். என் வண்டியில் ஒரு பின் கையோடு வந்துவிட்டது. இன்னொன்றைச் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தது. பின் முழுவதும் பழுப்புத் துரு, பெயருக்குக்கூட கிரீஸ் இல்லை. கழற்றிச் சுத்தம் செய்த பின்னில் இத்தனை துரு எப்படி வரும்? அந்த பில்லை நம்பித்தான் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக் கொல்லிமலை போய்வந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இந்தப் பேட்டோடுதான் இறங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

இனி பிரேக்கை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். 150 சிசி வண்டி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமாவதற்கு முன் வாங்கியது என்பதால் ஏபிஎஸ் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பேட் மாற்றுவது அரைமணி நேர வேலை. என்னைப் படுத்தியது வேலை அல்ல, அதற்கான பொருள்கள்.

சென்னையில் உதிரி பாகம் என்றால் ஜி.பி. ரோடுதான். பழைய பேட்டைக் கையோடு கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார். "பிரித்து இதன் மேல் வைத்துக் காட்டுங்கள்" என்றேன். "பணம் கட்டிய பிறகு பிரித்துக்கொள்ளுங்கள். இந்த மாடலுக்கு எல்லா வருஷமும் ஒரே பேட்தான் சார்" என்றார். பணம் கட்டி, கடை வாசலிலேயே பிரித்து, பழையதன் மேல் வைத்தேன். பேட்டைத் தாங்கும் பின் நுழையும் காது ஒரு பக்கமாக விலகி நிற்கிறது. திரும்ப உள்ளே போனால், "பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்ற பதில். பிரிக்கச் சொன்னதும் அவர், பிரித்ததைக் குற்றமாக்கியதும் அவர். நல்லவேளை, வாங்கும்போதே ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேட்டு வாங்கியிருந்தேன். அதை மேசை மேல் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப் போவதாகச் சொன்னேன். உள்ளே இருந்த முதலாளி எழுந்துவந்து மாற்றிக் கொடுத்தார். ஐந்து ரூபாய் நட்டு வாங்கினாலும் பில் வாங்குங்கள். பில் இல்லை என்றால் விலை குறையும் என்பார்கள், அந்த ஆசையில் விழாதீர்கள்.

பின் சக்கர டிரம்முக்குள் விரிந்து அழுத்தும் பிரேக் ஷூவில் நடந்தது இதைவிட மோசம். இது வேறு கடை. பெட்டி அசல் போலவே இருந்தது, ஹோலோகிராமும் இருந்தது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உராயும் லைனிங் ஷூவின் அலுமினிய வளைவோடு ஒட்டியிருக்கும் இடத்தில், ஓரத்தில் நகம் நுழைகிறது. பசை ஓர் இடத்தில் பிதுங்கி, இன்னோர் இடத்தில் இல்லாமலே இருக்கிறது. அந்த லைனிங் ஓடும்போது பெயர்ந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே சிக்கிச் சக்கரமே பூட்டிக்கொள்ளும். பெட்டியைத் திருப்பினால் விலை இருக்கிறது, தயாரித்த மாதமும் வருடமும் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, புகார் செய்ய எண் இல்லை. சட்டப்படி பொட்டலத்தின் மேல் இவையெல்லாம் இருந்தாக வேண்டும். ஹோலோகிராமைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதையும் அச்சடிக்கிறார்கள். எழுத்து மங்கலாக இருக்கிறதா, பாகத்தின் மேலேயே எண் பொறித்திருக்கிறதா, லைனிங் ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

சிலிக்கோன் கிரீஸ் தேடி அலைந்த கதையையும் சொல்ல வேண்டும். ஸ்லைடு பின்னுக்கு சாதாரண கிரீஸ் ஆகாது. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக்கில் இருக்கும் ரப்பர் ஊதிவிடும், ஊதினால் பின் மறுபடி இறுகும். எங்கள் பகுதியில் கேட்ட கடைகளில் எல்லாம் "கிரீஸ் என்றால் கிரீஸ்தான்" என்று சேசிஸ் கிரீஸையே நீட்டினார்கள். கடைசியில் கார் பிரேக் பாகம் மட்டும் விற்கும் ஒரு கடையில் சிறு பொட்டலமாகக் கிடைத்தது. பைக் கடையில் இல்லை என்றால் நேராகக் கார் பிரேக் கடைக்குப் போய்விடுங்கள்.

வேலை தொடங்கியதும் முதல் தடை, ஹாண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடி. இரண்டு நட்சத்திரத் தலைத் திருகுகள். இரண்டையும் முன்பே யாரோ அளவில்லாத ஸ்க்ரூடிரைவரால் கிண்டி மழுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று வந்தது, மற்றது அசையவில்லை. இதோடு மல்லுக்கட்டாமல் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். "திருப்புவதற்கு முன் தட்டணும் தம்பி. தட்டிவிட்டு அமுக்கணும். அமுக்கிக்கொண்டேதான் திருப்பணும்" என்றார். ஒரு சிறு உளியைத் திருகுத் தலையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, இடப்பக்கமாக மெல்ல மெல்லத் தட்டினார். முதலில் ஒரு கீறல் விழுந்தது, அந்தக் கீறலில் உளி உட்கார்ந்தது, பிறகு டக்கென்று ஒரு சத்தத்தோடு திருகு சுழன்றது. காசு கொடுத்தால் வாங்கவில்லை. அவரிடமே அதே அளவில் ஆலன் தலை வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளை வாங்கிப் போட்டேன். பிரேக் வேலையில் இறங்குமுன் இந்த மூடித் திருகுகளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். பேட்டைக் கழற்றிய பிறகு இது வராமல் போனால் வண்டி நகர வழியில்லாமல் நிற்கும்.

டப்பாவுக்குள் இருந்த ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. புது டாட் 4 ஆயில் (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். இது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறியதற்கு 155 டிகிரி போதும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இறக்கத்தைப் பாருங்கள். மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழியாகும், பிடியை அழுத்தினால் காற்றை அழுத்துவதுபோல் உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கிறது. கேட்டாலொழிய எந்த சர்வீஸிலும் மாற்றுவதில்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஒரே குடும்பம். டாட் 5 என்று மட்டும் போட்டது சிலிக்கோன் ஆயில், அதை இதில் கலக்கவே கூடாது. மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். சீல் உடைத்து வைத்த பழைய பாட்டில் வேண்டாம்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பாவில் ஆயில் மேலேறி வழியும். பெட்ரோல் டேங்க் மேல் விழுந்தால் பெயின்ட் உரிந்துவிடும். முதலிலேயே டேங்க்கை ஈரத்துணியால் போர்த்தி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுப் பட்டால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் அதன் வெளிப்பகுதியைத் துடைத்துச் சுத்தமாக்குங்கள், அழுக்கோடு தள்ளினால் சீல் கெடும். பேட் இல்லாதபோது பிரேக் பிடியை யாரும் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பிடிக்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகிக் கட்டிவையுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். என்னுடையது கோடு விழுந்திருந்தும் அளவுக்குள் இருந்ததால் தப்பியது.

பேட் மாட்டியது சுலபம். ஆயில் குழாயில் சிக்கிய காற்றை எடுத்ததுதான் பொறுமையைச் சோதித்தது. காலிப்பரில் காற்றை வெளியேற்றுவதற்காக உள்ள நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டேன். மனைவி பிடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் 8 எண் ஸ்பேனரால் நிப்பிளைத் திறந்து மூடினேன். மூடிய பிறகே பிடியை விட வேண்டும், இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே ஏறும். "பிடித்துக்கோ, விடாதே… இப்போது விடு" என்று சொல்லிச் சொல்லி இருவருக்கும் தொண்டை வறண்டது. பழைய ஆயில் போய்ப் புது ஆயில் தெளிவாக வந்தது, குமிழியும் நின்றது. அப்படியும் பிடி கல்லுபோல் நிற்காமல் பஞ்சுபோலவே அமுங்கியது. காற்று மேல்நோக்கிப் போகும், நாம் அதைக் கீழ்நோக்கித் தள்ளப் பார்க்கிறோம். ஹோஸ் டப்பாவோடு சேரும் வளைவில் அது தங்கிவிடுகிறது. ஹாண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பி, ஹோஸைக் கீழிருந்து மேலாக விரலால் சுண்டிக்கொண்டே வந்தேன். டப்பாவுக்குள் ஊசிமுனை அளவில் குமிழிகள் எழுந்தன. மூடியைப் போட்டு, பிடியை அழுத்திய நிலையில் பழைய டியூப் ரப்பரால் கட்டி இரவு முழுவதும் விட்டேன். காலையில் அவிழ்த்து அழுத்தினால் பிடி கெட்டியாக நின்றது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். இந்த நிப்பிளை முழு பலத்தோடு முறுக்க வேண்டாம், நடுவே துளை உள்ளது என்பதால் ஒடிந்துவிடும்.

பின்னால் உள்ள டிரம்முக்குச் சக்கரத்தைக் கழற்றிய பிறகு கவனிக்க வேண்டியது தூசி. அதை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது, நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் எறிந்துவிடுங்கள். ஷூவை விரிக்கும் கேமைக் கழற்றுவதற்கு முன் அதன் கைக்கும் தண்டுக்கும் அடையாளப் புள்ளி வையுங்கள், ஒரு பல் தள்ளி மாட்டினாலும் பிரேக் நிற்கும் இடம் மாறிவிடும். கேமுக்குக் கிரீஸ் பூசும்போது பொட்டளவே போதும், மிஞ்சினால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கும். ஷூக்கள் இரண்டையும் ஸ்பிரிங்கோடு சேர்த்து, பாதி திறந்த புத்தகம்போல் மடித்துப் பிளேட்டின் மேல் வைத்து அமுக்கினால் தானே உட்காரும். ஆக்சில் நட்டை முழுதாக முறுக்குமுன் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் ஷூ நடுவில் அமையும்.

பிரேக் பிளேட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் டார்க் கம்பியின் போல்ட்டை மட்டும் மாட்டிய பிறகு இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கழன்றால் பிரேக் மிதித்தவுடன் பிளேட்டே சக்கரத்தோடு சுழலும், கம்பி முறுகிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். என் வண்டியில் அந்தப் போல்ட்டில் நட்டு கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னே இல்லை. கூலி வாங்கிக்கொண்டு "சுத்தம் செய்தவர்கள்" கண்ணில் அதுவும் படவில்லை. அந்தப் படத்தை எடுத்து, பில்லோடு சேர்த்துச் சர்வீஸ் மேலாளரிடம் காட்டினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கூலியைத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியை எடுப்பதற்கு முன் முன்பிடியைப் பலமுறை அழுத்தி, பேட் டிஸ்க்கோடு சேர்ந்து பிடி இறுகிய பிறகே நகருங்கள். முதல் அழுத்தம் வெறுமையாகத்தான் போகும், வாசலில் போக்குவரத்து இருக்கும்போது அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆளில்லாத சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகக் குறைத்துக் குறைத்துப் பேட்டைப் பழக்குங்கள். முதல் சில நாள்களுக்குத் திடீர் பிரேக் போடாமல் இடைவெளி விட்டே ஓட்டுங்கள். ஏபிஎஸ் வண்டிக்காரர்கள் பேட்டைத் தாராளமாக மாற்றலாம். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்றுப் புகுந்தால் அதை எடுக்கக் கருவி வேண்டியிருக்கலாம், அதனால் ஹோஸைக் கழற்றும் வேலையை மட்டும் விவரம் தெரிந்த பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

அசல் பாகம் வந்த பெட்டியைக் குப்பையில் போடும்போது சுக்கலாகக் கிழித்துப் போடுங்கள், ஹோலோகிராமைச் சுரண்டிவிடுங்கள். முழுப் பெட்டியாகப் போனால் அதற்குள் நான் வாங்கிய மாதிரி ஒரு போலி ஷூ ஏறி மறுபடி கவுன்டருக்கு வந்துவிடும்.