மேலே வீடு, கீழே யூனிட்

2025 அக்டோபர் 4, சனி

வேலம்பாளையத்தில் இந்த வீட்டைப் பிடித்தபோது எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். கீழே பனியன் தைக்கும் யூனிட், மேலே வீடு, நடுவில் பதினேழு படி. தொழிலையும் பார்த்துக்கொள்ளலாம், பையனையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் நம்பினேன். இப்போது ரசம் தாளிக்கும்போதே கீழே எந்த மெஷின் நின்றது என்று காது சொல்லிவிடுகிறது. ஓவர்லாக் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை என்றால், இங்கே கடுகு கருகிக்கொண்டிருக்கும், நான் படியில் இறங்கிக்கொண்டிருப்பேன்.

இன்று சம்பளம். பதினொரு பேருக்கு 52,400 ரூபாய். திருப்பூரில் வாரச் சம்பளம்தான். சனிக்கிழமை பணம் தராவிட்டால் திங்கட்கிழமை அந்த டெய்லர் வேறு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். ஜூலை பில் இன்னும் வரவில்லை. பாக்கி வைத்திருக்கும் கம்பெனியில் கேட்டால் அமெரிக்க வரி என்கிறார்கள். ஆகஸ்ட் 27 முதல் அது 50 சதவீதம் ஆனது உண்மைதான். ஆனால் நாங்கள் தைத்துக் கொடுத்தது அதற்கு முன்பே போன சரக்கு. என்னிடம் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறது. சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது என்று 2006-லேயே சட்டம் போட்டாயிற்று. அதைப் பேசினால் பணம் வரலாம், ஆனால் அடுத்துத் தைக்க வெட்டிய துணி அவர்களிடமிருந்து வராது. வளையலை அடகு வைத்துச் சம்பளம் போட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

லீவு என்று பெயர். பாதி நாள் சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான் எழுதியதிலேயே போயிற்று. ஏழாவது படிக்கிற பையன் திடீரென்று வளர்ந்துவிட்டான், ஸ்கூல் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடு என்றான். சாயங்காலம் என்றேன். சாயங்காலம் கரண்ட் இல்லை. அப்புறம் எனக்கே நினைப்பில்லை.

அக்டோபர் 9, வியாழன்

16-ஆம் தேதிக்குள் 6,000 குழந்தை டி-ஷர்ட் போக வேண்டும். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட். ராத்திரி எட்டு மணிக்கு ஃப்ளாட்லாக் மெஷினில் ஊசி உடைந்தது. பெரியவர்கள் துணியென்றாலே இதில் சலுகை கிடையாது, குழந்தைத் துணியில் கேட்கவே வேண்டாம். உடைந்த துண்டு எல்லாம் கிடைத்து, நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் அந்த பண்டல் நகரும். முனை மட்டும் கிடைக்கவில்லை. டேபிளைக் கவிழ்த்தோம், பீஸ் பீஸாக உதறினோம், தரையைப் பெருக்கினோம். முக்கால் மணி நேரம் மெஷின் எல்லாம் சும்மா நின்றது.

சத்தம் இல்லையென்றதும் பையன் இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஓடிப்போய், பழைய ஸ்பீக்கரில் கழற்றி வைத்திருந்த காந்தத்தைக் கொண்டுவந்து டேபிளுக்கு அடியில் தடவினான். நூல் தூசியோடு முனை ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். அவன் இன்னும் சாப்பிடவில்லை என்பது பத்து மணிக்குத்தான் உறைத்தது. மேலே போனால் தூங்கியிருந்தான். அவனே தயிர்சாதம் போட்டுச் சாப்பிட்ட தட்டு கழுவி வைத்திருந்தது. அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

மூன்று மாத விற்பனைக் கணக்கை, அதாவது ஜிஎஸ்டிஆர்-1-ஐ, போட இன்று கடைசி நாள். ஓடிபி வந்தபோது போன் பையனிடம் இருந்தது. நம்பரைச் சொல்லிவிட்டு, "அம்மா, பேன்ட்?" என்றான்.

அக்டோபர் 18, சனி

சரக்கு 16-ஆம் தேதி ராத்திரியே போயிற்று. ஜூலை பில்லில் பாதிதான் வந்தது. அது போனஸுக்குச் சரியாக இருந்தது, வளையல் அங்கேயே இருக்கட்டும். தேனிக்காரர்களும் உசிலம்பட்டிக்காரர்களும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்கள். "அக்கா, நீங்க எந்த ஊருக்கு?" என்று டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண் கேட்டாள். மாடிக்குத்தான் என்றேன். சிரித்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. எண்ணெய்க் குளியல், கறிக்குழம்பு, மத்தியானம் மூன்று மணி நேரத் தூக்கம். கீழே சத்தமே இல்லாததால் இரண்டு முறை திடுக்கிட்டு எழுந்தேன். எது நின்றுவிட்டதோ என்று.

இன்று சாயங்காலம் கீழே இறங்கி ஒரே ஒரு மெஷினை மட்டும் ஓடவிட்டேன். மேலேயிருந்து அவர், "இன்னைக்குமா?" என்று சத்தம் போட்டார். பையன்தான் பதில் சொன்னான், "அப்பா, இது என் ஆர்டர்." கைமடி மாதிரி பக்கத்தில் நின்று, பேன்ட் காலை மடித்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.