சோறு ஒரு முறை, ரசம் தம்ளரில்

சென்ற ஆண்டு தை மாதம் எங்கள் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் என் எடை 84 கிலோ என்றும், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாத நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 என்றும் தெரியவந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று மருத்துவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, என் மனத்தில் ஓடியது தந்தையின் கடைசி நான்கு ஆண்டுகள்தாம். நீரிழிவால் சிறுநீரகங்கள் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு வாழ்ந்து மறைந்தவர் அவர். எனக்கு அப்போது வயது 44. உயரம் 168 செ.மீ. இடுப்புச் சுற்றளவோ 102 செ.மீ. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ.க்கு மேல் போனாலே எச்சரிக்கை வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

எடையைக் குறைக்க நான் முயன்றது அது முதல் முறையன்று. நாற்பதாவது வயதில் மூன்று வாரம் இரவு உணவை அடியோடு நிறுத்தி 4 கிலோ குறைத்தேன். அடுத்த இரண்டு மாதங்களில் 5 கிலோ ஏறியது. பட்டினி கிடக்கும்போது முதலில் கரைவது பெரும்பாலும் கொழுப்பன்று. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தும், அதன் ஒவ்வொரு கிராமோடும் சேர்ந்திருக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீருமே முதலில் வெளியேறுகின்றன. பழையபடி உண்ணத் தொடங்கியதும் அவை திரும்பிவிடுகின்றன. இதை அப்போது அறியாமல், என் மனவுறுதியில்தான் குறை என்று நீண்ட காலம் நம்பியிருந்தேன். ஆகவே இம்முறை, ஆயுள் முழுவதும் செய்ய முடியாத எதையும் ஒரு நாள்கூடச் செய்வதில்லை என்று தீர்மானித்தேன்.

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், உண்பதை அப்படியே சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துவைத்தேன். எங்கள் வீட்டு மதிய உணவில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என மூன்று முறை சோறு விழும். கூட்டிப் பார்த்தால் 450 கிராம். 100 கிராம் சோற்றுக்கு 130 கிலோகலோரி என்று கொண்டால் சோற்றில் மட்டும் 585 கிலோகலோரி. பொரியலோ தட்டின் ஓரத்தில் இரண்டு கரண்டி. எனக்கு வேண்டியது புதிய உணவன்று, தட்டில் இடமாற்றம் என்பது அப்போது விளங்கியது. சாம்பாருக்கு மட்டும் ஒரு முறை சோறு, ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடிப்பது, மோரையும் அவ்வாறே குடிப்பது என்று மாற்றிக்கொண்டேன். சோறு 180 கிராமாகக் குறைந்தது. அது விட்டுச் சென்ற இடத்தைக் கீரையும், அவரை, புடலை, வெண்டை போன்ற காய்களும், ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு அவித்த முட்டைகளோ நிரப்பின. காயையும் சுண்டலையும் முதலில் உண்டுவிட்டால் சோற்றின் மீதான வேகம் தானாகவே தணிகிறது. நார்ச்சத்தும் புரதமும் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் விரைவைக் குறைக்கின்றன.

இதில் கடினமாக இருந்தது பசி அன்று, அம்மாவின் முகம். இரண்டாம் முறை சோற்றுக் கரண்டியோடு வரும்போது தட்டின் மேல் கையை மறித்து வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் சமைத்தவரை மனம் நோகச் செய்யும் செயல். "ஏம்ப்பா, குழம்பு நல்லா இல்லையா?" என்று முதல் மாதம் முழுவதும் கேட்டார். அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கு நேரக் கூடாது என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசிய பிறகு அவர் கேட்பதை நிறுத்தினார். எடை குறைப்பதைப் பற்றி எழுதுவோர் இந்தப் பேச்சைப் பற்றி எழுதுவதில்லை. என் அனுபவத்தில் அதுவே எல்லாவற்றையும் விட முக்கியமானது.

அடுத்து எண்ணெய். நால்வர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு மாதம் 5 லிட்டர் செலவாகிக்கொண்டிருந்தது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்பதால், அதை 3 லிட்டராகக் குறைத்தபோது ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 135 கிலோகலோரி மிச்சமாயிற்று. சுவையில் யாரும் வேறுபாடு காணவில்லை. தேநீரில் சர்க்கரையைச் சிறிது சிறிதாக நீக்கினேன். மதுரையில் இருந்துகொண்டு பரோட்டாவையும் சால்னாவையும் துறப்பது எனக்கு இயலாது. வாரந்தோறும் உண்டதை மாதம் ஒரு முறையாக்கினேன்.

நடைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைத் தேர்ந்தெடுத்தேன். திருமலை நாயக்கர் வெட்டுவித்த அக்குளத்தைச் சுற்றி வர ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தொடக்கத்தில் இரண்டு சுற்றுக்கு அரை மணி நேரம் பிடித்தது, முழங்கால் வலித்தது. ஆறாம் மாதத்தில் நான்கு சுற்றுகளை 50 நிமிடங்களில் முடித்தேன். தைப்பூசத் தெப்பத் திருவிழாவின்போது அங்கே விரைந்து நடக்க இடமிராது. அந்நாள்களில் வைகைக் கரையோரச் சாலைக்குப் போவேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டாவதை நான் வெகுகாலம் அலட்சியம் செய்திருந்தேன். இப்போது நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தண்டால் எடுப்பது என வீட்டிலேயே செய்கிறேன். முழங்கால் வலி நீங்கியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். நடையில் எரியும் ஆற்றலை மிகையாக மதிப்பிடவும் கூடாது. 50 நிமிட நடையில் எனக்குச் செலவாவது சுமார் 250 கிலோகலோரி. திரும்பும் வழியில் இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட தேநீரும் சாப்பிட்டால் அது ஈடாகிவிடும்.

ஏழாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை எடை 76 கிலோவிலேயே நின்றுவிட்டது. உடல் இலேசாகும்போது அதற்குத் தேவையான ஆற்றலும் குறைவதால் இப்படி நேர்வது இயல்பு என்று தெரிந்தும் சோர்வாகவே இருந்தது. அந்தக் காலத்தில் எனக்குத் துணிவளித்தது, சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை அதில் சேர்த்தனர். மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்துகொண்டவர்களில் அது 39 விழுக்காடாக இருந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாமலேயே இப்பயன் கிடைத்தது என்ற செய்தியை நான் பலமுறை படித்தேன். எடைக்கருவியை மாதம் ஒரு முறை மட்டும் பார்ப்பதென்றும், இடுப்பை அளவு நாடாவால் அளப்பதென்றும் மாறினேன். எடை அசையாத அந்த மூன்று மாதங்களில் இடுப்பு 3 செ.மீ. குறைந்திருந்தது.

பதினான்கு மாதங்கள் கடந்து, இந்தப் பங்குனியில் எடுத்த பரிசோதனையில் எடை 73 கிலோ, இடுப்பு 91 செ.மீ., எச்பிஏ1சி 5.6. உயரத்தோடு ஒப்பிட்டால் இன்னும் சில கிலோ குறைய வேண்டும். இடையில் பொங்கலும் இரண்டு திருமணங்களும் வந்தபோது ஒன்றரைக் கிலோ ஏறியது. விருந்துகளில் நான் எதையும் மறுக்கவில்லை. மறுநாள் வழக்கமான சாப்பாட்டுக்கும் நடைக்கும் திரும்பினேன், மாசி முடிவதற்குள் அது இறங்கிவிட்டது. என் தம்பிக்கு இப்போது 41 வயது. அவனும் சென்ற மாதம் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தெப்பக்குளத்தில் என்னோடு நடக்கிறான். இப்போதைக்கு இரண்டு சுற்று.