2-ம் 1-ம் 21 ஆன கதை

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. போன ஞாயிறு பைத்தான் என்ற கணினி நிரல் மொழியில் வீட்டுப் பால் கணக்கு எழுதினாள். காலையில் 2 லிட்டர், மாலையில் 1. கூட்டினால் 21 என்று வந்தது. "சித்தி, இதுக்குக் கூட்டத் தெரியலையா?" என்றாள்.

தெரியும். ஆனால் பைத்தான் 3-இல், நாம் தட்டுவதை வாங்கும் இன்புட் (input) எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது. இன்புட்டைச் சுற்றி, எழுத்தை முழு எண்ணாக்கும் இன்ட் (int) போட்டதும் 3 வந்தது.

அடுத்து 1.5 தட்டினாள். கொடுத்த மதிப்பு சரியில்லை என்று பிழை வந்தது: வேல்யூ எரர். இன்ட்டுக்குப் புள்ளி ஆகாது, புள்ளி எண்ணையும் ஏற்கும் ஃப்ளோட் (float) போட்டோம். அப்புறம் ஒன்றும் தட்டாமல் என்டர். மறுபடியும் பிழை. பயந்து மூடப் போனவளிடம் பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் படிக்கச் சொன்னேன். அங்கே இரண்டு மேற்கோள் குறிகள், நடுவில் வெறுமை. "ஓ, நான் எதுவுமே குடுக்கலை!" அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரியாகத் தரும்வரை திரும்பக் கேட்க, நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் வொயில் ட்ரூவுக்குள் (while True), பிழை வந்தால் எக்செப்ட்டுக்குத் (except) தாவும் ட்ரை (try) எழுதினோம். எக்செப்ட்டில் வேல்யூ எரர் என்று பெயர் சொல்லியே பிடிக்க வேண்டும். வெறும் எக்செப்ட் போட்டால் நிறுத்துவதற்கான கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிரல் நிற்காது, அதையும் விழுங்கிவிடும்.

கடைசியில் ஆசைக்கு ௧௨ என்று தமிழ் எண்ணில் தட்டிக் காட்டினேன். பைத்தான் 12 என்று எடுத்துக்கொண்டது! ஒன்று முதல் ஒன்பதும் சுழியமும் அதற்குத் தெரியும். பத்தைக் குறிக்கும் ௰ கொடுத்தால் மட்டும் வேல்யூ எரர்.