எங்கள் டொமைனுக்கு ஒரு பதிவாளரைத் தேடியபோது

நிறுவனத்தின் டொமைனை, அதாவது இணையத்தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய இணையப் பெயரை, வேறொரு பதிவாளரிடம் மாற்ற வேண்டும் என்று 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் முதலாளியிடம் சொன்னபோது, அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பதிவாளரோ? ஆருக்குத் தம்பி கலியாணம்?" என்று கேட்டார். பகிடிதான் என்றாலும், அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முயன்றதே அடுத்த சில வாரங்களுக்கு எனக்கு வேலையாகிவிட்டது.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில், ஒரு மேல்மாடியில் இயங்கும் சிறிய ஏற்றுமதி நிறுவனம் எங்களுடையது. கறுவாவும் மிளகும் கராம்பும் அனுப்புகிறோம். நான் கணக்கு வேலைக்கு வந்தவன். கணினி நின்றுபோனால் எழுந்து போய்ப் பார்க்கிற பழக்கம் இருந்த காரணத்தால் இணையத்தளமும் மின்னஞ்சலும் காலப்போக்கில் என் தலையில் வந்து விழுந்தன. இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடு மெக்சிக்கோ. எங்கள் பெரிய வாடிக்கையாளரும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய ஓடர்களும் கப்பல் ஆவணங்களும் நிறுவனப் பெயரிலுள்ள மின்னஞ்சல் முகவரிக்கே வந்துசேர்கின்றன. எங்கள் இணையத்தளத்தை மாதம் நூறு பேர் பார்த்தாலே அதிகம். ஆனால் டொமைன் ஒருநாள் நின்றால் எங்களுக்கு ஒரு கடிதமும் வராது.

பிரச்சினை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் எங்கள் தளத்தை வடிவமைத்துத் தந்த தம்பி இப்போது மெல்பேர்னில் இருக்கிறார். "அண்ணா, இது உங்கட டொமைன்தானே, இன்னும் ஒரு மாதத்தில் முடியுது" என்று எழுதி, தனக்கு வந்த நினைவூட்டல் கடிதத்தை அனுப்பியிருந்தார். டொட் கொம் போன்ற பெயர்கள் காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது, இணையப் பெயர்களுக்கான விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி. அந்த அறிவித்தல் அவருக்குப் போயிருக்கிறது என்றால், ஏட்டில் உரிமையாளர் அவர்தான். காணியில் குடியிருப்பது நாங்கள், வரி கட்டுவது நாங்கள், உறுதி மட்டும் வேறொருவர் பெயரில் இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வளவுக்காக இருபது வருடம் வழக்காடியவர் அவர்.

பதிவாளர் யார் என்பதைத்தான் அவருக்கு அரிசி வியாபாரத்தை வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. டொட் கொம் பெயர்கள் அனைத்துக்குமான மூல ஏட்டை வைத்திருப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். அதை ஆலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆலை சில்லறைக்கு விற்பதில்லை. ஐகானின் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள் மொத்த வியாபாரிகள். அவர்களிடம் வாங்கித் தம் பெயரில் விற்பவர்கள் மீள்விற்பனையாளர்கள். கொழும்பில் டொமைன் விற்பவர்களில் பலர் இந்தக் கடைசி வகையினரே. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் எங்கள் பற்றுச்சீட்டில் இருந்த கடைக்குப் பம்பலப்பிட்டியில் தேடிப் போனபோது, அந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். பொது ஏட்டில் தேடிப் பார்த்த பிறகுதான், எங்கள் பெயரை உண்மையில் வைத்திருந்த பதிவாளர் நாங்கள் ஒருபோதும் கேள்விப்படாத வெளிநாட்டு நிறுவனம் என்பது தெரியவந்தது. ஆகவே புதியவரைத் தேடும்போது நான் வைத்த முதல் நிபந்தனை, அவர் நேரடியாக அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், அல்லது தனக்குப் பின்னால் நிற்கும் பதிவாளர் யார் என்பதைக் கேட்டவுடன் சொல்பவராக இருக்க வேண்டும் என்பதே. 2007இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற அமெரிக்கப் பதிவாளர் நிலைகுலைந்து, ஐகான் அதன் அங்கீகாரத்தை நீக்கியபோது, அங்கிருந்த பெருந்தொகையான பெயர்களை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பதிவாளர்கள் தம் வாடிக்கையாளர் விபரங்களின் பிரதியை மூன்றாம் தரப்பொன்றிடம் வைப்பில் இடும் ஏற்பாடு அதன் பின்னரே இறுக்கமாக நடைமுறைக்கு வந்தது. ஏட்டில் பெயரில்லாத இடைத்தரகர் மறைந்துபோனால் இத்தகைய பாதுகாப்பு எவ்வளவுக்குக் கைகொடுக்கும் என்பதைப் பம்பலப்பிட்டியில் வெயிலில் நின்று யோசித்தேன்.

விலையைப் பற்றி நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே யோசிக்க நேர்ந்தது, ஏனென்றால் கணக்கு மிக எளியது. 2024 செப்டம்பரிலிருந்து ஒரு டொட் கொம் பெயருக்கு வெரிசைன் பதிவாளரிடம் வாங்கிவந்த தொகை ஆண்டுக்கு 10.26 டொலர், அதற்குமேல் ஐகானின் கட்டணம் அப்போது 20 சதம். ஆக 10.46 டொலர், நம் காசில் 3,100 ரூபாயளவில், அப்போது எந்தப் பதிவாளருக்கும் அடக்கவிலை. ஒரு டொலருக்கும் இரண்டு டொலருக்கும் தருகிறோம் என்பவர் நட்டத்தில் விற்கிறார். அந்த நட்டத்தை அடுத்த புதுப்பித்தலில் எடுத்துக்கொள்வார். எனவே முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலையைத் தாண்டிப் புதுப்பித்தல் விலையைத் தேடிப் பார்த்தேன். அதைக் கண்டுபிடிக்க எத்தனை பக்கம் போக வேண்டியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டேன். பதிவாளர் ஒருவர், உரிமையாளரின் விபரங்களைப் பொது ஏட்டில் மறைத்து வைப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்டார். 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பெரும்பாலான பதிவாளர்கள் தனியாள் விபரங்களை எப்படியும் மறைத்தே வைக்கிறார்கள். இதற்குக் காசு கேட்பவர் வேறெதற்கெல்லாம் கேட்பாரோ என்று எண்ணி அவரை விட்டுவிட்டேன்.

விலையைவிட எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது காசு கட்டும் வழி. கொழும்பில் இருந்துகொண்டு 2022ஐ மறந்துவிட்டு இந்த விடயத்தில் முடிவெடுக்க முடியாது. அந்த மார்ச்சில் நாணயமாற்று வீதம் தளர்த்தப்பட்ட பிறகு, 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 வரை ஏறியது. விலையேற்றத்தையாவது தாங்கிக்கொள்ளலாம், வங்கிகள் கடனட்டைகளில் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளைக் கட்டுப்படுத்தியபோது, கையில் ரூபாய் இருந்தும் டொலரில் கட்ட வழியில்லாமல் போனது. தானாகப் புதுப்பிக்கும் வசதியை நம்பியிருந்த எனக்குத் தெரிந்த இரண்டு சிறு வியாபாரிகள், அட்டை நிராகரிக்கப்பட்ட செய்தியைத் தளம் நின்ற பிறகே அறிந்தார்கள். காலாவதியான பெயரைப் பதிவாளர் 45 நாள்கள் வரை வழமையான கட்டணத்திலேயே புதுப்பித்துத் தரக்கூடும். அவர் அதை நீக்கிவிட்டால், மீட்பதற்கு 30 நாள்கள் உண்டு, ஆனால் அதற்கான கட்டணம் பல மடங்கு. அதன்பின் 5 நாள்கள் கழித்து அந்தப் பெயர் எவருக்கும் திறந்துவிடப்படும். இந்த நாள்களை எல்லாம் வங்கியின் வரிசையில் நின்று எண்ணியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஆகவே ரூபாயில் கட்டக்கூடிய உள்ளூர் விற்பனையாளரா, டொலரில் கட்ட வேண்டிய வெளிநாட்டுப் பதிவாளரா என்ற கேள்வி எங்களுக்கு உண்மையிலேயே கடினமாக இருந்தது. உள்ளூர்க்காரரிடம் தொலைபேசி எடுத்தால் தமிழில் பேசலாம், பற்றுச்சீட்டு வாங்கலாம். முதலாளி அந்தப் பக்கமே சாய்ந்தார். நான் பம்பலப்பிட்டிக் கடையை நினைவூட்டினேன். முடிவில் டொலரில் கட்டுவதுதான், ஆனால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து இப்போதே கட்டிவிடுவது என்று தீர்மானித்தோம். ஒரு பெயரை ஒரே நேரத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பதிவு செய்து வைத்திருக்க முடியாது. ஆனால் ஐந்து வைத்திருந்தாலே அடுத்த நாணய நெருக்கடியைத் தாண்டிவிடலாம். அதோடு, ஐகானோடு உள்ள ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆறாண்டுச் சுற்றிலும் கடைசி நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 7 சதவீதம் வரை பதிவாளரிடம் வாங்கும் விலையைக் கூட்ட வெரிசைனுக்கு உரிமை உண்டு. 2021 நடுப்பகுதியில் 7.85ஆக இருந்த விலை 10.26க்கு ஏறியது அப்படித்தான். முன்கூட்டிக் கட்டுவது அந்த ஏற்றத்தையும் தவிர்க்கும். மிளகை விலை ஏறுமுன் வாங்கிப் போடுகிறவருக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இறுதிப் பட்டியலில் மூவர் மிஞ்சினர். அடக்கவிலைக்கே விற்கும் கிளவுட்ஃபிளேர் அவர்களுள் ஒருவர். ஆனால் அங்கே வைத்திருக்கும் டொமைன், தளமும் மின்னஞ்சலும் எந்தக் கணினியில் உள்ளன என்று வழிகாட்டும் பெயர்வழங்கிகளாக அவர்களுடையவற்றையே பயன்படுத்த வேண்டும் என்பது அவர்களது நிபந்தனை. அது மோசமான சேவை இல்லை, பலருக்கு அதுவே போதும். எனக்கோ பெயரும் பெயர்வழங்கியும் ஒரே சாவிக்கொத்தில் தொங்குவதில் விருப்பம் இருக்கவில்லை. மற்ற இருவருக்கும் நான் ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன்: நாளைக்கு நாங்கள் உங்களை விட்டு வேறிடம் போக விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? வாடிக்கையாளராக வருமுன்னரே விட்டுப்போவதைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றினாலும், 2023இல் கூகிள் தன் டொமைன் வணிகத்தை ஏறத்தாழ ஒரு கோடிப் பெயர்களோடு ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்றதைப் பார்த்த பிறகு, நாம் விரும்பித் தெரிவு செய்த பதிவாளரே நாளை வேறொருவராகிவிடக்கூடும் என்பது தெளிவாகியிருந்தது. ஒருவர், விற்பனைப் பிரிவின் பொதுவான நன்றிக் கடிதத்தை இரண்டு நாள் கழித்து அனுப்பினார். மற்றவர் ஒரு மணித்தியாலத்துக்குள், கணக்குக்குள் எந்த இடத்தில் மாற்றத்தைத் தடுக்கும் பூட்டைத் திறப்பது, மாற்றத்துக்குக் கடவுச்சொல் போல வேண்டிய அங்கீகாரக் குறியீட்டை எங்கே எடுப்பது, பெயரை விடுவிக்கப் பழைய பதிவாளருக்கு உள்ள ஐந்து நாள் அவகாசம் முடியும்வரை காத்திருக்காமல் உடனே விடுவிக்க எதை அழுத்துவது என்பதைப் படங்களோடு எழுதியிருந்தார். அவரிடம் ஓராண்டுக்கு ஒன்றரை டொலர் அதிகம். அவரையே எடுத்தோம்.

மாற்றத்தில் வரிசைமுறை முக்கியம். எவருக்கும் முதலில் தோன்றுவது, உரிமையாளர் பெயரைத் திருத்திவிட்டு மாற்றுவோம் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2016 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, உரிமையாளர் விபரம் மாறினால் 60 நாள்களுக்கு அந்தப் பெயரை வேறு பதிவாளரிடம் கொண்டுபோக முடியாது. அந்தப் பூட்டை முன்கூட்டியே தவிர்க்கும் தெரிவைச் சில பதிவாளர்கள் தருகிறார்கள், எங்கள் பழையவர் தரவில்லை. எங்களிடம் இருந்ததோ 29 நாள்கள். எனவே மெல்பேர்ன் தம்பியின் பெயரிலேயே மாற்றிவிட்டு, புதிய இடத்துக்கு வந்த பின் திருத்துவது என்று அவரோடு பேசி முடிவு செய்தோம். அவர் நல்லவர். இதற்கு ஏதும் தர வேண்டுமா என்று கேட்டதற்கு, அம்மாவிடம் அரைக் கிலோ கறுவா கொடுத்துவிடச் சொன்னார்.

பழைய பதிவாளரிடம் அங்கீகாரக் குறியீட்டைக் கேட்டபோது, மீள்விற்பனையாளரிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. அந்தக் கடை இப்போது இல்லை என்றும், உரிமையாளர் கேட்டு ஐந்து நாள்களுக்குள் குறியீட்டைத் தர வேண்டியது பதிவாளரின் கடமை என்றும் தம்பியைக் கொண்டு எழுதுவித்தேன். மூன்றாம் நாள் குறியீடு வந்தது. பிறகு இன்னும் ஐந்து நாள் காத்திருப்பு. நடுவில் ஒரு போயா விடுமுறையும் சனி, ஞாயிறும் வந்தன. வங்கி மூடியிருக்கும் நாளில் இதுவும் மூடியிருக்கும் என்று முதலாளி கவலைப்பட்டார். நாட்காட்டி நாள்கள்தான் கணக்கு, போயா கிடையாது என்றபோதுதான் நிம்மதியடைந்தார்.

என் பிழை வேறிடத்தில் நடந்தது. பழைய பதிவாளரின் பெயர்வழங்கிகளிலேயே எங்கள் பதிவுகள் இருந்தன. மாற்றம் முடிந்ததும் அவற்றை அவர்கள் எந்த நேரத்திலும் நிறுத்திவிடலாம். அதனால் மாற்றத்துக்கு முன்பே எல்லாவற்றையும் புதிய இடத்தில் பிரதிசெய்து, பெயர்வழங்கிகளை மாற்றி, இரண்டு நாள் பார்த்திருந்துவிட்டே மாற்றத்தைத் தொடங்கினேன். மாற்றம் முடியுமுன்னரே இந்தப் பதிவுகளை ஆயத்தம் செய்ய இடம் கொடுத்ததும் புதியவரைத் தெரிவு செய்ய ஒரு காரணம். தளத்தின் முகவரி, மின்னஞ்சலை வழிநடத்தும் எம்எக்ஸ் பதிவுகள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிச் சரிபார்த்த நான், அனுப்பும் கடிதத்தின் மின்கையொப்பம் எங்களுடையதுதான் என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் பதிவைத் தவறவிட்டேன். கடிதங்கள் போயின, வந்தன, எல்லாம் சரியாகவே தெரிந்தது. மூன்றாம் நாள் மெக்சிக்கோக்காரர் தொலைபேசி எடுத்து, விலைப்பட்டியல் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். அது அவருடைய குப்பைப் பெட்டிக்குள் கிடந்தது. பதிவாளரைத் தெரிவு செய்ய இரண்டு வாரம் யோசித்தவன், ஒரு வரியைப் பிரதிசெய்ய மறந்துபோனேன்.

இலங்கைக்குரிய டொட் எல்கே பெயரையும் இதோடு மாற்றலாமா என்று முதலாளி இடையில் கேட்டார். அது ஐகானின் இந்த மாற்ற விதிகளுக்குள் வராத வேறு ஏற்பாடு. எல்கே டொமைன் பதிவகத்தின் பொறுப்பில் இருக்கிறது, ரூபாயிலேயே கட்டலாம், எனவே அதைத் தொடவில்லை. டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயரும் 2010இலிருந்து இருக்கிறது என்று சொன்னபோது அவருக்குப் பெரும் சந்தோசம். அது அடுத்த வருட அலுவல்.

மாற்றம் முடிந்ததும் ஏட்டில் ஓராண்டு கூடியிருந்தது. அதன்மேல் நான்காண்டுகள் கட்டினோம். உரிமையாளராக நிறுவனத்தின் பதிவுப் பெயர் ஏறியது. கணக்கின் மின்னஞ்சலை மட்டும் எங்கள் டொமைனுக்கு வெளியிலுள்ள முகவரி ஒன்றில் வைத்தேன். டொமைன் நின்றுபோனால், அதை மீட்கும் கடிதம் அந்த டொமைனுக்கே வந்து பயனில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து, உரிமையாளர் விபரம் உள்ள பக்கத்தோடு சேர்த்து முதலாளியிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை ஒண்டும் இல்லையே தம்பி" என்றார்.

இல்லை ஐயா, இதற்கு முத்திரை கிடையாது என்றேன். நம்பாமல் ஒருமுறை பார்த்தவர், எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்து, யாழ்ப்பாணத்து வளவின் உறுதிக்கு மேலே அதை வைத்துப் பூட்டினார்.